மரியன்னைப் பாடல்களும் திருப்பலியும்: ஆவூரை முன்வைத்து ஒரு திறனாய்வு

கத்தோலிக்கத் திருச்சபையில் பாடப்பெறும் மரியன்னைப் பாடல்களைப்பற்றிச் சீர்திருத்தச் சபையினராகிய நாம் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். மரியாளை நோக்கி மன்றாடுவது தகுமா என்பதே ஐந்நூறு ஆண்டுகளாக நமக்கும் அவர்களுக்கும் இடையே வழக்காய் நிற்க, அம்மன்றாட்டின் பாடல் நல்லதா தீயதா என்று ஆராய நமக்கு என்ன உரிமை? அவ்வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அத்திருச்சபை தனக்கென்று வகுத்துக்கொண்ட அளவுகோலைக்கொண்டே அதன் இக்காலப் பாடல்களை அளந்து பார்க்க முற்படுகிறோம். அதே அளவுகோலால் நமது கீர்த்தனைகளையும் அளக்கவேண்டி வரும் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரை நினைவில் நிறுத்தி இதனை ஆராயலாம். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஜான் வெனான்சியுஸ் பூஷே தோற்றுவித்த பணித்தளம் அது. பெரியநாயகி மாதாவின் பெயரால் அங்கு நிற்கும் ஆலயம் 1747-இல் கட்டப்பட்டது என்பர். வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றினார் என்பது மரபு. உயிர்ப்புத் திருநாளையொட்டி நடைபெறும் பாஸ்காவும் தேர்பவனியும் பிற சமயத்தாரையும் ஈர்ப்பவை. பெரியநாயகி என்னும் பெயரும் கருதத்தக்கது. தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமாய், அவர்கள் வெளியிட்ட அம்மன் காசிலும் இடம்பெற்ற திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் பெயருக்கும் ஏறத்தாழ இதுவே பொருள். அந்நாட்டு மக்களுக்குப் பழகிய ஒரு பெருமைச் சொல்லே மரியாளுக்கும் சூட்டப்பட்டது. நாயகி என்பவள் மாண்புடையவள், நிமிர்ந்து நிற்பவள். இக்காலப் பாடல்களிலோ அந்த நாயகியைக் காண்பது அரிது.

உருக்கத்தையே குற்றமென்று நாம் கூறவரவில்லை. பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடிய மொழி இது. தமிழ்ப் பக்தியிலிருந்து கண்ணீரை நீக்கினால் எஞ்சுவது சொற்பமே. வீரமாமுனிவர் 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடியதோடு 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று தாயின் புலம்பலையே ஒரு நூலாக்கினார். ஆனால் அங்கே அழுகிறவள் மரியாள். அழுகைக்குக் காரணம் மகனின் பாடுகள். பாடுகிறவன் தன் துயரைச் சற்றே மறந்து அவளருகில் நிற்கிறான். யாப்பும் அவனைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியில் கண்ணீர் கரைமீறி ஓட இயலாது.

இக்காலப் பாடலில் அழுகிறவர் மாறிவிட்டார். பாடுகிறவனே அழுகிறான், தன் தனிமைக்காக, தன் நோய்க்காக, உறவுகள் கைவிட்டமைக்காக அழுகிறான். மரியாள் அக்கண்ணீரைத் துடைக்கும் கைகளாக மட்டும் இருக்கிறாள். இம்மாற்றத்தில் திரைப்படத்திற்குப் பங்குண்டு. 1971-இல் வெளிவந்த 'அன்னை வேளாங்கண்ணி' படத்தின் பாடல்கள் கொட்டகையோடு நின்றுவிடாமல் திருவிழா ஒலிபெருக்கிகளுக்கு வந்தன. பின்னர் ஒலிநாடாக்களின் காலத்தில் திரைப்பின்னணிப் பாடகர்களின் குரலிலேயே மாதா பாடல்கள் வீடுகளை அடைந்தன. திரையுலகின் தாய்ப்பாசப் பாடல் ஒன்று ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. அதில் மரியாளின் பெயரைப் பொருத்துவது எளிதாயிற்று. எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். இத்தகைய பாடலிலிருந்து 'மாதா', 'மரியே' என்னும் விளிகளை மட்டும் நீக்கிவிட்டு, கதாநாயகன் ஒருவன் தன் தாயின் படத்திற்கு முன்னே நின்று பாடுவதாக எண்ணிப் பாருங்கள். ஒன்றும் குறைவுபடவில்லையாயின் அப்பாடலில் வேதாகமத்து மரியாள் தொடக்கத்திலிருந்தே இல்லை என்பது தெளிவு. கானாவூரில் வேலைக்காரரைத் தன் மகனிடம் திருப்பியவளும், சிலுவையண்டை நின்றவளும் அங்கே இல்லை. பல பாடல்களில் மகனின் பெயரே ஒருமுறையும் வருவதில்லை!

இது புராட்டஸ்டாந்தரின் குறைகூறல் அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, வழிபாட்டுப் பாடல்களின் சொற்கள் முதன்மையாக வேதாகமத்திலிருந்தும் வழிபாட்டு மூலங்களிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்கிறது. 1964-இன் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டு, மெய்யான மரிய பக்தி பயனற்று விரைவில் மறையும் உணர்ச்சியில் அடங்குவதில்லை என்று எச்சரிக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் மரிய வணக்கம் பற்றி எழுதிய மடலில் இதனை மீண்டும் வலியுறுத்தியதோடு, நவநாள் போன்ற பக்திமுயற்சிகளைத் திருப்பலிக்குள் புகுத்திக் கலவையாக்குவதையும் கண்டித்தார். 2025 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, மரியாளை 'இணை மீட்பர்' என அழைப்பது தகாது என்று அறிவித்தது. ஆயினும் கோட்பாட்டுத் துறையின் குறிப்பு எட்டாத இடங்களுக்குப் பாடல் எட்டிவிடுகிறது. மக்கள் தங்கள் இறையியலைப் பாடியே கற்கிறார்கள்.

ஆகவே எங்கே பாடுவது என்பதையும் கேட்க வேண்டும். கொடியேற்றத்தில், தேர்பவனியில், இல்லத்துச் செபமாலையில் இப்பாடல்கள் ஒலிப்பதைக் கடிந்துரைப்பது வீண்கண்டிப்பு. தெருவுக்குத் தெருவின் மொழி உண்டு. நற்கருணை வழங்கும் வேளையிலும் அவையே ஒலிக்கும்போதுதான் இடர் எழுகிறது. திருவிருந்துப் பாடல், உண்போரின் ஒருமையை அவர்களது குரலின் ஒருமையால் வெளிப்படுத்த வேண்டும் என்பது ரோமைத் திருப்பலி நூலின் பொதுப்படிப்பினை. தனிக்குரலின் ஏற்ற இறக்கங்களுக்கென்று அமைந்த மெட்டைச் சபையார் சேர்ந்து பாடுவது கடினம், அவர்கள் கேட்போராகிவிடுகின்றனர். மகனின் உடலை ஏற்கும் வேளையில் மகனைப் பேசாத பாடலொன்றை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்விடத்திற்கு இப்பாடல்கள் தகா என்பதே நம் தீர்ப்பு.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மழையை நம்பிய மண்ணில் கூலிவேலை செய்து, குடிக்கும் கணவனோடு வாழ்ந்து, யாரிடமும் சொல்லியழ வழியற்ற பெண்ணுக்கு அம்மா என்று அழைக்க ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவளிடமிருந்து அதனையும் பறிக்கலாமா என்று அருட்பணியாளர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பிரசங்க பீடத்திலிருந்து இப்பெண்களின் பக்தியை எள்ளி நகையாடும் நம்மவர் சிலர், அவளுக்கு மாற்றாக எதையும் கொடுத்ததில்லை. எனினும், அப்பாடல் அவளுக்கு ஆறுதல் தருகிறதென்றால் அவளை எந்நிலையில் விட்டுச்செல்கிறது என்றும் கேட்க வேண்டும். லூக்கா முதல் அதிகாரத்து மரியாள், பலவான்கள் ஆசனங்களிலிருந்து இறக்கப்படுவதையும் பசித்தோர் நிரப்பப்படுவதையும் பாடினாள். 1521-இல் அப்பாட்டுக்கு விரிவுரை எழுதிய லுத்தரும், தாழ்ந்தோரை நோக்கிப் பார்க்கும் கடவுளையே அதன் மையமாகக் கண்டார். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்டோர் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே அந்தப் பாட்டை மரியாளின் வாயிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணீர் துடைக்கும் கையை மட்டும் மிச்சம் வைப்பது சிறிய இழப்பன்று.

பாடலால் என்ன ஆகும் என்பதையும் இம்மாவட்டத்துப் பெண்கள் அறிவர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கொண்டுவந்தபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் அதனை ஓட்டக் கற்றனர். கூடவே மிதிவண்டிக்கென்றே எழுந்த பாடல்கள் ஊர்தோறும் பாடப்பட்டன. எளிய மெட்டுத்தான், ஆனால் பாடியவர்கள் எழுந்து ஏறினார்கள்.

இனி நம் பக்கம். உருக்கத்திற்கு வேதநாயகம் சாஸ்திரியாரும் அஞ்சியவரல்லர். 'பெத்லகேம் குறவஞ்சி'யில் காதலின் மொழியையே கையாண்டார். ஆனால் அக்காதல் கிறிஸ்துவை நோக்கியது, அவருடைய கதையைச் சொல்வது. இன்று நம் நற்செய்திக் கூட்டங்களில் ஒலிக்கும் பாடல்கள் பலவற்றில் 'மாதா' என்னுமிடத்தில் 'இயேசப்பா' இருக்கிறது; மற்றவையெல்லாம் அவ்வாறே உள்ளன. அதே தனிமை, அதே கைவிட்ட உறவு, அதே கண்ணீர். சிலுவையைப்பற்றி ஒரு வரி தேடினாலும் கிடைப்பதில்லை. மேற்சொன்ன சோதனையை இவற்றிலும் செய்து பார்க்கலாம். மரியாளின் பாட்டோ நமது மாலை ஆராதனை முறையில் அச்சிடப்பட்டே இருக்கிறது. அதனைக் குருவானவரும் சபையாரும் மாறிமாறி விரைந்து வாசித்து முடித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வதே பல சபைகளில் வழக்கம். கும்மியிலோ தெம்மாங்கிலோ அமைத்து அதனைக் கிராமச் சபையின் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க இறையியல் மாணவர் ஒருவர் முன்வரலாம். ஆவூர்ப் பாஸ்காவைக் காணவரும் அண்டை ஊர்ப் பெண்களும் உடன்பாட, அந்த மெட்டு எளியதாயிருத்தல் வேண்டும்.