பதின்ம வயதில் பள்ளி ஆதரவு: இந்தியாவும் இலங்கையும்

வாசிப்பிலும் எழுத்திலும் இடர்ப்படும் பிள்ளைக்கு உயர்வகுப்பில்தான் நெருக்கடி முற்றுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நீண்ட விடைகள், எதிரில் பொதுத் தேர்வு. இந்தக் கட்டத்தில் உதவி பெறும் வழி இந்தியாவில் சான்றிதழில் தொடங்குகிறது. இலங்கையில் பாடசாலையில் தொடங்குகிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அச்சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியும் உண்டு. ஆனால் எல்லாம் மருத்துவச் சான்றை நம்பியே நிற்கின்றன. 2018இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்குப் பின்பே சான்று தரப்பட்டது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு நெருங்கும் வேளையில் பிள்ளையை மீண்டும் மருத்துவமனை வரிசையில் நிறுத்தும் அந்த ஏற்பாடு மனத்தை உறுத்துகிறது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களைச் சார்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குச் சென்று வருகிறார்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் குறைபாடுள்ள 15 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை மத்திய அரசு 2022இல் வகுத்தது. பல பள்ளிகளை ஒருவரே சுற்றிவரும் இடத்தில் அந்த அளவு எட்டாது.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. இந்தியச் சட்டத்தைப் போல, பரீட்சைச் சலுகைகளை அது விரித்துச் சொல்லவில்லை. நடைமுறையில் ஆதரவு வருவது சாதாரண பாடசாலைகளில் இயங்கும் விசேட கல்வி அலகுகள் வழியாகத்தான். யாழ்ப்பாணத்துக் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற விசேட பாடசாலைகளும் உள்ளன. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்ததால் கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரண தரம்வரை பிள்ளையை வகுப்பில் வைத்திருக்கும் கடமை உறுதியானது. பரீட்சைக்கான மேலதிக நேரமும் எழுத உதவுபவரும் பரீட்சைத் திணைக்களத்தின் அனுமதியைப் பொறுத்தவை.

சட்டப் பாதுகாப்பில் இந்திய ஏற்பாடே மேலானது: மறுக்கப்பட்டால் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியும். இலங்கையில் தெளிந்த அதிபரும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வாய்த்தால் பிள்ளைக்கு வழி பிறக்கும். வாய்க்காவிட்டால் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்தை நாட வேண்டியிருக்கும். எந்த நாடானாலும், பரீட்சைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியைப் பெற்றோர் கையில் வைத்திருப்பது நல்லது.