சல்லடைத் தட்டும் யதார்த்தவாதமும்

யதார்த்தவாதம் செத்துவிட்டதென்று சிற்றிதழ்களில் எத்தனையோ முறை அறிவித்தாயிற்று. வாத்தியக் கடைகளுக்கு அந்தச் சாவுச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. எலக்ட்ரானிக் டிரம் கிட்டுக்கு உலோகச் சிம்பல் வாங்கப் போன ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுவில் முப்பது வருசமாக டிரம்ஸ் வாசிக்கிறவர். கடைப் பையன் வாயில் ஒரே வாக்கியம்: 'ஒரிஜினல் மாதிரியே இருக்கும்ணே.' இந்த 'மாதிரி'க்குள்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது. யாருக்கு ஒரிஜினல் மாதிரி? அடிக்கிற கைக்கா, மேடைக்குக் கீழே இருந்து பார்க்கிற கண்ணுக்கா, கேட்கிற காதுக்கா? மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ஒரே விலைச்சீட்டில் விற்பதற்குப் பெயர்தான் இங்கே யதார்த்தம்.

1981இல் சிம்மன்ஸ் அறுகோணப் பட்டைகள் வந்தபோது இந்தப் பாசாங்கு கிடையாது. நான் டிரம் இல்லை, வேறு ஒன்று என்று அது உருவத்திலேயே சொல்லிக்கொண்டது. போலீஸ்காரர்கள் கேடயத்துக்குப் பயன்படுத்துகிற பாலிகார்பனேட்தான் அதன் மேல்பரப்பு. அடித்தவர்களுக்கு மணிக்கட்டு போயிற்று. 1997இல் ரோலண்ட் கம்பெனி வலைத்தோல் போட்ட பட்டைகளைக் கொண்டுவந்த பிறகு தோல் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. வலையைத் திருகி இறுக்கினால் குச்சி ஏறக்குறைய தோலில் எழும்புகிற மாதிரியே எழும்பும். சிம்பல் மட்டும் ரப்பராகவே தங்கிப்போனது.

காரணம் இருக்கிறது. இழுத்துக் கட்டின தோல் எதிர்த்து நிற்கும். சிம்பல் விட்டுக்கொடுக்கும்: அடித்ததும் சாயும், ஆடும், திரும்பி வரும். நடுக்குமிழில் ஒரு குணம், பரப்பில் ஒரு குணம், விளிம்பில் வேறொரு குணம். ரைடு சிம்பலில் குச்சி நுனி எழுப்புகிற அந்த 'டிங்', கைக்கு முதலில் தெரிந்து காதுக்குப் பிறகு தெரிகிற விஷயம். ரப்பரில் அது அமுங்கிப்போகிறது. "முப்பது வருசம் வெங்கலத்துல ஓடின கை தம்பி, இதுல அடிச்சா டயர்ல அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அவர். இது வெறும் ஏக்கம் இல்லை. கை ஒரு காப்பகம். அதில் பதிந்திருப்பது உழைப்பின் வரலாறு. அடுத்த அடியின் பலத்தை, முந்தின அடி திருப்பித் தருகிற அதிர்வைக் கொண்டுதான் கை தீர்மானிக்கிறது. ஆகவே கைக்காக உலோகம் வேண்டும் என்பது முழுக்க நியாயமான கோரிக்கை.

காதின் கதை வேறு. தட்டுக்கடியில் பீசோ என்றொரு சின்ன வில்லை ஒட்டியிருக்கிறது. அது அதிர்வை மின்சாரமாக்கும். பெட்டி அந்த மின்சாரத்தை எண்ணாக்கும். 1983இல் வந்த மிடி முறைப்படி ஓர் அடியின் வேகம் 1 முதல் 127 வரை ஏதோ ஓர் எண். அந்த எண்ணுக்கு ஏற்ற ஓசையை, வேறெங்கோ பதிவு செய்து வைத்ததைப் பெட்டி எடுத்துக் கொடுக்கும். நீங்கள் அடித்த தட்டு எழுப்பின ஓசை யாருக்கும் வேண்டாம். சொல்லப்போனால் அது இடைஞ்சல். அதை அடக்கத்தான் தட்டு முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை போடுகிறார்கள், அல்லது அடியில் ரப்பர் ஒட்டுகிறார்கள். உலோகத்தை உலோகமாகவே வாங்கி, அதன் வாயைப் பொத்தி, இன்னொரு உலோகத்தைப் பேசவிடுகிற ஏற்பாடு.

சிம்மன்ஸ் வந்த அதே 1981இல்தான் போத்ரியாரின் நகல்கள் பற்றிய புத்தகமும் வந்தது. மூலமே இல்லாத நகல் என்ற அவரது கருத்தை இங்கே பொருத்திக்காட்ட நம் நண்பர்கள் பலருக்குக் கை பரபரக்கும். எனக்கு உடன்பாடில்லை. மூலம் இருக்கிறது. ஒரு ஸ்டூடியோவில், ஒரு மனிதர், ஒரு நிஜமான வெண்கலத் தட்டை மெதுவாகவும் ஓங்கியும் பலமுறை அடித்திருக்கிறார். நான் பார்த்த பெட்டி எதிலும் அவர் பெயர் இல்லை. 'மூலம் என்று ஒன்று கிடையாது' என்கிற கோட்பாடு, பெயரில்லாத அந்தக் கூலிக்காரரை இரண்டாம் முறை அழிக்கிறது. (ஜால்ரா என்பதையே வசவாக்கிவிட்ட மொழி நம்முடையது. தட்டு அடிக்கிறவனுக்கு மரியாதை எங்கிருந்து வரும்?)

நம்மூர்க் கோயில்களில் பூசை நேரத்துக்கு மோட்டாரில் ஓடும் மேள இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முரசும் மணியும் தாளமும் நிஜம். கை மட்டும் இல்லை. எலக்ட்ரானிக் கிட்டில் தலைகீழ்: கை நிஜம், ஓசை அடுத்தவருடையது. உலோகச் சிம்பல் மாட்டியதும் மூன்றாவதாக ஒரு நிலை பிறக்கிறது. கையும் நிஜம், உலோகமும் நிஜம், இரண்டுக்கும் நடுவில் உறவு மட்டும் பொய். ஒரு வேலையை எடுத்துக்கொள்வதற்கு இத்தனை வழிகள் உண்டு!

இந்த உறவைக் காப்பாற்றும் முயற்சியும் நடக்காமலில்லை. ஜில்ஜியன் கம்பெனி (ஆர்மீனியக் குடும்பம், 1623இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தொடங்கிய தொழில், 'தாளம் செய்கிறவர் மகன்' என்பதே பெயரின் பொருள்) 2010களின் தொடக்கத்தில் ஜென்16 என்ற சல்லடைச் சிம்பல்களை விற்றது. அதில் ட்ரிகருக்குப் பதிலாக மைக். தட்டின் சொந்த முனகலையே எடுத்து, பெட்டி அதன் நிறத்தை மாற்றிக் கொடுத்தது. அந்தத் தட்டை உரசினால் உரசல் கேட்டது, விரல் வைத்தால் அடங்கியது. எண்ணாகச் சுருங்காத அடி! சந்தையில் அது நிலைக்கவில்லை. அதே கம்பெனி 2024இல் ஆல்கெம்-ஈ என்று சல்லடைச் சிம்பல் வைத்த முழுக் கிட்டைக் கொண்டுவந்தபோது, உள்ளே இருந்தது தன் சிம்பல்களை முன்கூட்டிப் பதிந்து வைத்த ஓசை.

சரி, வாங்குகிறவர் என்ன செய்வது? உலோகத்தின் குலப்பெருமைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நல்ல சிம்பல் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம் என்பது மெய். ஆனால் தன் குரல் கேட்காத தட்டுக்கு அது எஃகானால் என்ன? கனமும் ஊசலும் குச்சி எழும்புவதும்தான் கணக்கு. குமிழ், பரப்பு, விளிம்பு மூன்றையும் தனித்தனியாக அடித்து, பெட்டி மூன்றாகவே கேட்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். உலோகத்தில் அதிர்வு தட்டு முழுக்க ஓடுவதால் பெட்டி அடிக்கடி ஏமாறும். விளிம்பைப் பிடித்தால் ஓசை நிற்கிறதா? நிஜச் சிம்பல் அடிக்க அடிக்கச் சுற்றும், தேய்மானம் பரவும். இதில் வயர் இருப்பதால் தடுப்பு போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஒரே இடத்தில்தான் அடி விழும், அங்கேதான் முதலில் சாகும். ரோலண்டின் டிஜிட்டல் ரைடு, ஹைஹாட் போன்றவை அந்தக் கம்பெனியின் குறிப்பிட்ட பெட்டிகளோடு மட்டுமே பேசும். ஒரு கிளை வாங்கினால் மரத்தையே வாங்க வேண்டும். வாடகை மேடையில் பிழைக்கிற ஆளுக்கு இது சரிப்படாது.

அவர் கடைசியில் ரைடும் ஹைஹாட்டும் மட்டும் உலோகத்தில் எடுத்தார், தவணையில். கிராஷ் இரண்டும் பழைய ரப்பரே. "கிராஷ் எப்பவோ ஒரு தடவை, ரைடுதான தம்பி ராத்திரி பூரா" என்றார். கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சிம்பல் பற்றிப் புகார் இல்லை. பெடல் அடிதான் தரை வழியாக இறங்குகிறது என்றார்கள். ரைடின் குமிழ் மட்டும் சில சமயம் ஓர் அடியை இரண்டாக எண்ணுகிறது. அதைத் தடுக்கும் இடைவெளியைக் கூட்டினால் வேகமான உருட்டலில் அடிகள் காணாமல் போகின்றன. குறைத்தால் மறுபடி இரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினோம்.