தீக்கு மாற்றும் மாற்றுக்கு மாற்றும்

தீயணைப்பான்களில் அடைக்கும் ரசாயனப் பொருளுக்கு மாற்றுத் தேடிய ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பவர்க்கு, ஒவ்வொரு மாற்றும் தனக்கு முந்தியதன் தோஷம் தன்னிடம் இல்லை என்ற ஒரே யோக்கியதையால் அரியணை ஏறியது என்பது புலனாகும்.

முற்காலத்துப் பித்தளைக் குழாய்களில் இருந்த கார்பன் டெட்ராகுளோரைடு, சூடேறியதும் பாஸ்ஜீன் என்னும் விஷவாயுவாக மாறி, அணைக்க வந்தவரையே கொல்ல வல்லதாயிருந்தது. பின்வந்த ஹாலோன் 1301 என்னும் வாயுவை அற்புதம் என்றே சொல்லவேண்டும்: அறையின் காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்களவு கலந்தாலே எரிதலின் தொடர்வினையை அது அறுத்துவிடும்; கணிப்பொறிமீது ஈரமோ பொடியோ படியாது; அந்த அளவில் மனிதர் மூச்சுக்கும் பெருந்தீங்கில்லை. ஆயினும், சுவாலையை அறுத்த அதே புரோமின்தான் வான்மேல் ஏறி ஓசோன் படலத்தையும் அரித்தது. குணமும் குற்றமும் ஓரணுவிலேயே குடியிருந்தன. 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக, வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1994-இன் தொடக்கத்தில் நின்றது.

அதற்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி-227 ஓசோனுக்குச் சாது. பூமியைச் சூடாக்குவதிலோ, எடைக்கு எடை, கரியமில வாயுவினும் மூவாயிரம் மடங்குக்கு மேல் வல்லது. 2016-இல் அந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குக் கிகாலி நகரில் செய்த திருத்தத்தால் அதன் இனத்துக்கும் கடிவாளம் பூட்டப்பட்டது. அடுத்து வந்த புளோரோகீட்டோன், சூரிய ஒளியில் சில நாட்களிலேயே சிதையும் உத்தமப் பொருளென்று கொண்டாடப்பட்டது. சிதைந்தபின் என்ன ஆகிறதென்று கேட்டவர் அப்போது சிலரே. அச்சிதைவில் பிறக்கும் டிரைபுளோரோ அசெட்டிக் அமிலம் மழையோடு இறங்கி நீரில் நெடுங்காலம் அழியாது நிற்கிறது. அப்பொருளை விற்றுவந்த 3எம் நிறுவனமே, 2025 முடிவுக்குள் இவ்வினத்துப் புளோரின் சேர்மங்கள் யாவற்றின் உற்பத்தியையும் விட்டுவிடுவதாக 2022-இல் அறிவித்தது.

இவ்வளவு அலைச்சலுக்கும் அவசியமில்லாத ஒரு வழி நம் மூச்சிலேயே இருக்கிறது. நைட்ரஜன் 52, ஆர்கான் 40, கரியமில வாயு 8 என்ற விகிதத்தில் கலந்த இனர்ஜென், காற்றிலுள்ள வாயுக்களால் ஆனது, காற்றுக்கே திரும்புவது. அறையின் பிராணவாயுவைக் குறைத்துத் தீயை அடக்குவதால் அது ஏராளமாக வேண்டும். 200 முதல் 300 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த கனத்த உருளைகள் வரிசையாக இடத்தை அடைக்கும். கட்டடச் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பது இதற்காகவே. இடவாடகையை மிச்சப்படுத்துவதற்காக ஆகாயத்தையும் நீரையும் அடமானம் வைப்பதை நான் நியாயமென்று ஒப்பேன். நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்குப் புதிய புளோரின் சேர்மம் தேடுவது வீண் பிரயாசை.

எடையே பகையாகிய விமானத்தின் சங்கதி வேறு. அங்கே பல சரக்கறைகளை, பழைய கருவிகளிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஹாலோனே இன்றும் காத்துவருகிறது.