கையுறையும் கையும்

அன்பு அச்சத்தை அகற்றும் என்று மறையுரைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த அச்சத்தை, எவ்வாறு அகற்றும் என்று நம்மைக் கேட்க வைக்கிறது, பால் ஹாகிஸ், டான் கிராஸ் ஆகியோர் இயக்கிய ‘5பி’ என்னும் ஆவணப்படம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 1983-ஆம் ஆண்டு எய்ட்ஸ் நோயாளருக்கெனத் தொடங்கப்பட்ட பிரிவின் பெயர் அது.

உணவுத் தட்டை அறை வாயிலிலேயே வைத்துவிட்டு ஊழியர் விலகிச் சென்ற காலம். கிளிஃப் மாரிசன் என்ற செவிலியரும் அவரோடு தாமாக முன்வந்து இணைந்தோரும் நோயாளரின் கையை வெறுங்கையால் பற்றினர், படுக்கையருகே அமர்ந்தனர். அந்தத் தொடுகையே படத்தின் உயிர்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளரைப் பரிசோதிக்க வேண்டுமென வற்புறுத்திய எலும்பு மருத்துவர் லொரெய்ன் டே படத்தில் எதிர்க்குரலாக வருகிறார். வீரர் ஒருபுறம், அஞ்சுவோர் மறுபுறம் என்ற இப்பிரிவினை எனக்கு நிறைவளிக்கவில்லை. அச்சம் முழுவதும் கற்பனையன்று. ஊசி குத்தியதால் செவிலியர் ஒருவர் தொற்றுக்கு ஆளானதையும் படமே சொல்கிறது. அச்சத்தைத் தணித்தது வீரம் மட்டுமன்று, அறிவும்தான். எல்லா நோயாளரின் இரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையுடன் கையாள வேண்டும் என்ற நெறி அமெரிக்காவில் 1987-இல் வகுக்கப்பட்டது. தொற்றுள்ள ஊசி குத்தினாலும் ஆபத்து ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றே; 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்து தொடங்கினால் அதுவும் பெரிதும் குறையும். வீரத்தைப் போற்றும் அளவிற்குப் படம் இந்த ஒழுங்கை விளக்கவில்லை.

இரத்தத்தைத் தொடக் கையுறை அணிவது அறிவு. நாடி பார்க்கவும் தட்டை நீட்டவும் ஒருவருக்கு மட்டும் கையுறை அணிவது தீர்ப்பு. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளரைக் குணமாக்கிய பின் தொடவில்லை. தொட்ட பின்னரே குணமாக்கினார். தீர்ப்புக்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டிலும் எச்.ஐ.வி. உள்ளோரிடம் மருத்துவமனைகள் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. சட்டம் உணவுத் தட்டை அறைக்குள் கொண்டுவரச் செய்யும். படுக்கையருகே அமரச் செய்யாது. நம் பங்குகளிலிருந்து செவிலியர் பணிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்கள் இப்படத்தைக் காணட்டும். அந்த நற்செய்திப் பகுதியையும் உடன் வாசிக்கட்டும்.