வெள்ளியில் நெளியும் பாம்பு

நோய் தீர்க்கும் தெய்வங்களைப் பொறித்த ரோமானிய வெள்ளிக்காசு கையில் கிடைத்தால் முதலில் பாம்பைப் பாருங்கள். முகத்தைத் தேர்ச்சியுள்ள எவரும் வெட்டிவிடலாம். சில மில்லிமீட்டருக்குள் ஒரு பாம்பை நெளிய வைப்பதில்தான் அச்சு வெட்டியவரின் கைத்திறம் தெரியும்.

அதற்கு உரைகல், மானியஸ் அசிலியஸ் கிளாப்ரியோ கி.மு. 49இல் வெளியிட்ட தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு. குறுக்களவு சுமார் 18 மி.மீ.; எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்புறம் லாரல் இலைமாலை சூடிய சாலுஸின் தலை. பின்புறம் வாலெதூதோ; அவளும் உடல்நலம் காப்பவளே. முழங்கையைத் தூணில் ஊன்றி நிற்கிறாள். நீட்டிய கையில் பாம்பு. தேயாத காசில் ஆடையின் மடிப்புகளைத் தனித்தனியே எண்ணலாம். பாம்பைப் பிடித்திருப்பவளிடம் துளிப் பதற்றமில்லை. அந்த நிதானம்தான் இந்தக் காசின் அழகு.

சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டு அது. ஆனாலும் கிளாப்ரியோ தன் குலப்பெருமையை மறக்கவில்லை. ரோமுக்கு முதலில் வந்த கிரேக்க மருத்துவர் ஆர்க்ககாதஸுக்குக் கி.மு. 219இல், அவருடைய குலப்பெயரே கொண்ட அசிலியஸ் நாற்சந்தியில், அரசுச் செலவில் கடை வாங்கித் தந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். பாம்பின் கதை அதற்கும் முந்தையது. கொள்ளைநோய்க் காலத்தில் கிரேக்கத்து எபிடாரஸிலிருந்து மருத்துவத் தெய்வமான ஈஸ்குலேப்பியஸ் பாம்பு வடிவில் வந்து டைபர் ஆற்றுத் தீவில் இறங்கினார் என்பது ரோமர் நம்பிக்கை.

இதற்கு நேர்மாறான இன்னொரு காசு, பேரரசர் கரகல்லா கி.பி. 215இல் வெளியிட்டது. நோயுற்றிருந்த அவர், முந்தைய ஆண்டுதான் பெர்கமம் கோயிலில் ஈஸ்குலேப்பியஸை வேண்டி வந்திருந்தார். கிளாப்ரியோ காசு ஏறக்குறைய முழு வெள்ளி. இதிலோ பாதியளவே வெள்ளி. பாம்பும், இதில் பொறித்துள்ள ஈஸ்குலேப்பியஸின் கோலைச் சுற்றிய வெறும் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தெய்வத்தின் காலருகே, தலைமூடிய போர்வைக்குள் ஒரு சிறுவன் நிற்கும் வகையைத் தேடிப் பாருங்கள். அவன் டெலஸ்ஃபோரஸ், நோய் விட்டபின் உடம்பைத் தேற்றுபவன். உருவம் மிகச் சிறிது. ஆனாலும் பார்வை அவனிடமே போய் நிற்கிறது.

வேலைப்பாட்டில் கிளாப்ரியோ காசே மேல். ஆனால் நோய் தீர்வது வேறு, உடம்பு தேறுவது வேறு. நெடுநாள் படுத்து எழுந்த எவருக்கும் தெரிந்த அந்த உண்மைக்கு ஒரு தனித் தெய்வத்தையே நிறுத்தியதால், தரம் குறைந்த அந்த வெள்ளிதான் எனக்கு நெருக்கமானது.