மூன்று புத்தகத்துக்குத் தாங்கும் சிரிப்பு

கிருஷ்ணகிரியிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஓசூர் போய்ச் சேர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எனக்கு பஸ்ஸில் தூக்கம் வராது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு அமெரிக்கக் குடும்பம் நடைப்பிணங்களிடமிருந்து தப்பி ஓடுவதைக் கேட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் சூளகிரிப் பக்கம் என்னை மறந்து சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அண்ணன் கண்ணைத் திறந்தார். லேத் மெஷினில் இருபது வருடம் நின்றவர்.

"என்னாப்பா, விடியறதுக்கு முன்னயே சிரிப்பு?"

"செத்தவங்க எழுந்து வந்து கடிக்கிற கதைண்ணா."

"அதுல சிரிக்க என்னா இருக்குது?"

நியாயமான கேள்வி. அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் கேட்ட கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்று கவனித்தேன். இந்தத் தொடரை எடைபோட அதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

தொடரின் பெயர் 'ஜாம்பி ஃபால்அவுட்'. எழுதியவர் மார்க் டூஃபோ. ஒலிநூலாக வாசித்தவர் ஷான் ரனெட். 2009இல் உலகத்தை மிரட்டிய பன்றிக் காய்ச்சலுக்கு அவசர அவசரமாக ஒரு தடுப்பூசி வருகிறது. வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர்கள் காய்ச்சலில் விழுந்து சாகிறார்கள், பிறகு பசியோடு எழுந்திருக்கிறார்கள். கொலராடோ மாநிலத்தில் லிட்டில் டர்ட்டில் என்ற மதில் சூழ்ந்த குடியிருப்பில் மைக் டால்பட் தன் மனைவி ட்ரேசி, பிள்ளைகள், ஹென்றி என்ற புல்டாக் நாய் ஆகியோரோடு மாட்டிக்கொள்கிறான். அமெரிக்க மரைன் படையில் இருந்தவன். நடப்பதையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டே போகிறான். அந்த நாட்குறிப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? பிணங்களிடம் இல்லை. டால்பட்டுக்குக் கிருமி என்றால் நடுக்கம். கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிற ஆள். அப்படிப்பட்டவன் மேல் அழுகிய உடம்புகள் வந்து விழுகின்றன. ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது மனைவியிடம் திட்டு வாங்குகிறான். மூச்சுவிடவும் பயந்து ஒளிந்திருக்கிற நேரத்தில் நாய் வாயு விடுகிறது. உலகம் முடிந்தாலும் வீடு வீடாகவே இருக்கும் என்பதுதான் இந்தத் தொடரின் ஒரே நகைச்சுவை. அந்த ஒன்றை டூஃபோ நன்றாகவே செய்கிறார்.

அது உண்மையும்கூட. 2020 மே தொடக்கத்தில் கொரோனாவுக்காக மத்திய அரசு மாவட்டங்களுக்கு நிறம் பிரித்தபோது, தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். அந்தப் பெருமை சில நாள்தான் நீடித்தது. அத்திப்பள்ளி எல்லையில் தடுப்பு, ஜூஜூவாடியில் இ-பாஸ் கேட்டு வரிசை, நெடுஞ்சாலையில் லாரிகூட அபூர்வம். அந்த நாட்களை நினைத்தால் எங்கள் தெருவில் பலருக்கும் முதலில் வருவது பயம் அல்ல, பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவதா வேண்டாமா என்று நடந்த சண்டை. டால்பட் கை துடைக்கும் காட்சியைச் சொன்னபோது அண்ணன் குலுங்கிச் சிரித்தது அதனால்தான். அவர் வீட்டில் காய்கறிக்கும் மஞ்சள் தண்ணீர் குளியல் நடந்திருக்கிறது.

அடுத்த பலம், இது காதுக்கு வந்த கதை என்பது. ஜாம்பி பேசாது. முனகும், நகரும், கடிக்கும். திரையில் வந்தால் மேக்கப் கொஞ்சம் பிசகினாலும் பயம் போய்விடும். 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' தமிழில் ஜாம்பியை முழுப்படமாகக் கொண்டுவந்தது. துணிச்சலான முயற்சி. ஆனால் கூட்டம் கூட்டமாகப் பிணங்களைக் காட்டவேண்டிய கட்டாயத்தில் கதை மூச்சுவாங்கியது. 2019இல் யோகி பாபு நடித்த 'ஜாம்பி' சிரிப்பையே குறியாக வைத்து, ஒரு ரிசார்ட்டுக்குள் ஆட்களை அடைத்தது. அங்கே சிரிப்பு ஆளாளுக்கு அடிக்கும் கவுன்ட்டரில் நின்றதே தவிர, பிணம் வந்த சூழ்நிலையிலிருந்து எழவில்லை. ஒலிநூலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிணத்தைக் கேட்பவரே தன் செலவில் செய்துகொள்கிறார். சொல்பவரின் குரல் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

ரனெட்டின் குரல் சரியாக இருக்கிறது. அலுத்துப்போன மனிதர் வருமான வரிப் படிவத்தைப் படிப்பதுபோல வாசிக்கிறார். நகைச்சுவை வரும் இடத்தில் குரல் உயர்வதில்லை. கவுண்டமணி கத்தக் கத்த, செந்தில் முகம் மாறாமல் நின்றதால்தானே 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி அத்தனை பேரைச் சிரிக்க வைத்தது? டீக்கடை கேசட்டிலும் பஸ் ஸ்பீக்கரிலும் கேட்டே அதை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. ஒலிச்சித்திரமும் எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் நாடகக் கேசட்டுகளும் பழக்கிவிட்ட காது நம்முடையது. அந்தக் காதுக்கு ரனெட்டின் தட்டையான வாசிப்பு உடனே பிடிபடுகிறது. புத்தகமாக வாசித்தால் சாதாரணமாகத் தோன்றும் வரிகள்கூட அவர் வாயில் எடை கூடுகின்றன. ஆகவே தொடரின் புகழில் பாதியையாவது வாசித்தவர் கணக்கில்தான் எழுதவேண்டும்.

இனி குறைகள். முதல் குறையைக் கண்டுபிடித்தவர் அண்ணன். பாகலூர் ரோடு சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது கேட்டார்: "எழுதறவனே அவன்தான். அப்ப அவன் சாகமாட்டான். பின்ன என்னாத்துக்குப் பயப்படறது?" நாட்குறிப்பு வடிவத்தின் கழுத்தில் கை வைத்த கேள்வி இது. தன்மையில் சொல்லப்படும் கதை குரலைக் கொடுக்கும், ஆபத்தைக் குறைக்கும். டூஃபோ அந்த நட்டத்தைச் சுற்றி இருப்பவர்களைப் பலிகொடுத்து ஈடுகட்டப் பார்க்கிறார். சில இடங்களில் அது வலிக்கிறது. பல இடங்களில் கணக்குத் தீர்ப்பதுபோல இருக்கிறது.

அடுத்தது துப்பாக்கி. டால்பட் ஆயுதம் சேர்த்து வைத்திருக்கும் ஆள். என்ன ரகம், எத்தனை குண்டு என்று பக்கம் பக்கமாக வருகிறது. தமிழில் சொல்லும்போது அதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பு கூடியது என்றுகூடச் சொல்லலாம். பயந்தவன் கையில் துடைப்பக்கட்டை இருந்தால் சிரிப்பு வரும், தானியங்கித் துப்பாக்கி இருந்தால் சண்டைக்காட்சி வரும். ராகி விளையும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, சானமாவு என்று யானைக் கூட்டம் இறங்குவதை இந்தப் பக்கத்தில் பார்க்கிறோம். பட்டாசும் டார்ச் லைட்டும் செல்போனும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வயலில் நிற்பவர்கள், மறுநாள் அதைச் சொல்லும்போது தங்கள் ஓட்டத்தைத்தான் முதலில் கிண்டல் செய்வார்கள். அப்படிக் கிண்டல் செய்ய டால்பட்டுக்கு வாய் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி அவனை ஓடவிடுவதில்லை.

மூன்றாவது, தடுப்பூசி. நோய்க்கான மருந்தே பிணங்களை எழுப்பியது என்பது எழுதிய காலத்தில் வசதியான தொடக்கமாக இருந்திருக்கும். 2021இல் ஊசி போட்டால் என்ன ஆகுமோ என்று வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்து நடுங்கியவர்களை நேரில் கண்டபிறகு அது லேசாகக் கசக்கிறது. அதே ஆண்டு தெலுங்கில் பிரசாந்த் வர்மா இயக்கிய 'ஜாம்பி ரெட்டி'யும் கொரோனா மருந்துச் சோதனையில்தான் தொடங்கியது. ஆனால் அந்தப் படம் கர்னூல் பக்கத்துக் கோஷ்டிப் பகைக்குள் ஜாம்பியைக் கொண்டுபோய்விட்டது. கடிக்க வருபவனைவிட வெட்ட வருபவன் ஆபத்தானவன் என்ற நிலை வரும்போது, சிரிப்பு அந்த மண்ணிலிருந்தே முளைக்கிறது. டூஃபோவுக்குத் தன் ஊரைப் பற்றி அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இது என் கடைசிப் புகாரில் கொண்டுவிடுகிறது. இருப்பதிலேயே பெரிய புகார் அதுதான். ஜாம்பிகள் தள்ளாடி நடப்பதைச் சொன்னபோது அண்ணன் பஸ்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "நம்மளயா சொல்றான்?" என்றார். விடிகாலை ஷிப்டுக்குத் தூக்கக் கலக்கத்தில் போகிறவர்களைப் பார்த்து யாரும் அடிக்கக்கூடிய ஜோக். ஆனால் வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. ஹைட்டி நாட்டின் பழங்கதைகளில் ஜாம்பி யாரையும் தின்னாது, வேலை செய்யும். வில்லியம் சீபுரூக் 1929இல் எழுதிய 'தி மேஜிக் ஐலண்ட்' நூல்தான் அதை அமெரிக்காவுக்குப் பரவலாக அறிமுகம் செய்தது. கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் ஒரு அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு ஓட்டிவரப்படும் கதை அதில் இருக்கிறது. செத்தும் ஷிப்ட் முடியாத அடிமையின் பயம் அது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வந்தபிறகு, உழைத்த பிணம் தின்னும் பிணமாகிவிட்டது. டூஃபோ ரொமேரோவின் வாரிசு. அவர் கதையில் மதிலுக்கு வெளியே நிற்பவர்கள் நேற்றுவரை யாராக இருந்தார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சிரிப்பு முழுக்க மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுடையது. அது ஒரு வீட்டின் சிரிப்பாக நின்றுவிடுவதும் அதனால்தான்.

ஒப்பிட வேண்டுமென்றால் மேக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்டு வார் இஸட்' ஒலிநூலைக் கேட்கலாம். ஆலன் ஆல்டா, மார்க் ஹாமில் உட்படப் பலர் குரல் கொடுத்தது. உலகம் முழுதும் தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களாகக் கதை விரிகிறது. குஜராத்தின் அலங் கப்பலுடைக்கும் கரைகூட அதில் உண்டு. எல்லையும் அரசும் வர்க்கமும் கொள்ளைநோயில் எப்படி நடந்துகொள்ளும் என்று அது யோசிக்கிறது. இலக்கியமாக அதுவே உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் விடிகாலை பஸ்ஸில் அதைக் கேட்டால் வேலைக்குப் போகும் மனநிலை போய்விடுகிறது. டால்பட் அப்படிச் செய்வதில்லை. கூட வரும் சிநேகிதன்போல வருகிறான், கேட்டில் இறங்கும்போது விட்டுவிடலாம்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். வரிசை 15 புத்தகங்களைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் பல மணி நேரம் ஓடும். ஷிப்டுக்குப் போகிறவனுக்கு நாளில் சொந்தமாக இருப்பது பஸ்ஸில் உட்காரும் அந்த நேரம்தான். அதை யாரிடம் கொடுப்பது என்பதில் கறாராக இருப்பது தப்பில்லை.

என் தீர்ப்பு இது. குரலுக்காகவும், அழிவுக்கு நடுவே ஓடும் குடும்பச் சண்டைக்காகவும் முதல் மூன்று நூல்களைத் தாராளமாகக் கேட்கலாம். வால்மார்ட் கடையில் வேலை பார்த்த டாமி என்ற பையன் அவற்றில் வருகிறான்; பாப்-டார்ட் பலகாரத்தின் மேல் அவனுக்கு இருக்கும் பக்தியைத் தேன்மிட்டாய் என்று மாற்றிச் சொன்னால் போதும், எந்த ஊரிலும் எடுபடும். பழைய ரத்தக்காட்டேரி எலைசா பிணங்களுக்கு எஜமானியாக வந்து கதையைப் பிடித்துக்கொண்டதும் வீடு மறைந்துவிடுகிறது, புராணம் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் கேட்பது பழக்கதோஷம். நல்ல துணை, நடுத்தரக் கதை, உயர்ந்த வாசிப்பு என்று மூன்று தனித்தனி மதிப்பெண் போடுவேன்.

மூன்றாவது நூலுக்கு டூஃபோ வைத்த பெயருக்கு 'முடிவு' என்று அர்த்தம். நான்காவதின் பெயர், முடிவு வந்துவிட்டுப் போயும்விட்டது என்பது. இதை அண்ணனிடம் சொன்னேன். எலைசா வந்ததிலிருந்தே அவர் பாதித் தூக்கத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதுன்னு அவனே சொல்லிட்டான் இல்ல? விடு."

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார். பேரண்டப்பள்ளி வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.