பாசாங்கும் பொய்யும்: ‘கேலக்ஸி குவெஸ்ட்’ – ஒரு மீள்நோக்கு

டீன் பாரிசோ இயக்கிய ‘கேலக்ஸி குவெஸ்ட்’ (1999) என்னும் அறிவியல் புனைவு நகைச்சுவைப் படத்தில், வேற்றுக்கோளினரான தெர்மியர் தொலைக்காட்சித் தொடரொன்றை வரலாற்று ஆவணமெனக் கொள்கின்றனர். இளமையில் காண்போர்க்கு இது வெறும் பேதைமை. வளர்ந்தபின் மீண்டும் காண்போர்க்கோ புனைவு என்னும் கருத்தே இல்லாத சமூகத்தின் மொழிச்சிக்கல்.

பகைவன் வற்புறுத்தத் தலைமை நடிகர் உண்மையை ஒப்புக்கொள்ளும் காட்சி இதற்குச் சான்று. பாசாங்கு செய்ததாக அவர் கூறுவது தெர்மியர் தலைவனுக்கு விளங்கவில்லை. பொய் சொன்னதாகக் கூறியதும் விளங்கிவிடுகிறது. பகைவனின் வஞ்சகத்தால் பொய்யை அறிந்தவர்கள் அவர்கள்; நடிப்பை அறியார்.

தமிழாக்குவோர் முதற்கூற்றைப் ‘பாசாங்கு செய்தோம்’ என்றால் குற்றம் மட்டுமே தொனிக்கும். ‘நடித்தோம்’ என்பதோ கலைத்தொழிலையும் பாசாங்கையும் ஒருங்கே சுட்டும். குற்றமற்ற தொழிலொன்று கேட்போர் செவியில் குற்றமாகும் துயரம் அச்சொல்லில் அடங்குவதால் அதுவே பொருத்தமுடைத்து.